கிணற்றின் வாக்குமூலம்



எண்ணெய்க் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது எனக்குச் சிறிது சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர் பண்பொழி. செங்கோட்டைக்கு அருகில், மேற்கு மலையின் அடிவாரத்தில், திருமலைக் குமாரசாமி கோயில் கொண்டிருக்கும் குன்றின் நிழலில் இருக்கும் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் மலையைத் தாண்டி வரும் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையும் எங்கள் நெல்லையும் தென்னையையும் வளர்க்கின்றன. எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய இரண்டுதான். பூமிக்குள்ளிருந்து எடுக்கும் எண்ணெய் அங்கே இல்லை, இருக்கவும் வழியில்லை. எங்கள் காலடியில் இருப்பவை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கடினப் பாறைகள். எண்ணெயோ, பழங்காலத்துக் கடலடியில் படிந்த வண்டலில், நுண்ணுயிர்களின் எச்சத்திலிருந்து பிறப்பது.

ஆயினும், எண்ணெய்க் கிணற்றைச் சோதித்து அதன் முடிவுகளை எவ்வாறு படித்தறிகிறார்கள் என்பதை நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது பண்பொழியில்தான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர். அவர் கையிலிருந்த கருவி ஒரு கரித்துண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். என் பெரியப்பா தம் புன்செய் நிலத்தில் ஒரு கிணறு வெட்டினார். இருபது அடி நீளம், இருபது அடி அகலம். மேல் மண்ணைத் தாண்டி, உளுத்த பாறையைத் தாண்டி, கரும்பாறையில் வெடி வைத்துத் தகர்த்து இறங்கினார்கள். தை மாதத்தில் ஊற்றுக் கண்கள் திறந்தன. ஒரு வாரத்தில் பன்னிரண்டு அடித் தண்ணீர் நின்றது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது.

கமலை கட்டி மாட்டைக் கொண்டு இறைத்த காலம் அப்போது மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு ஆயில் எஞ்சின் வைக்க ஆசை. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க எண்ணி, ஓர் எஞ்சினை வாடகைக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் முழங்கியது, குழாய் வாயிலிருந்து தண்ணீர் தடித்த கயிறுபோல விழுந்தது, ஐந்து மணி நேரம் வாய்க்கால் நிரம்ப ஓடியது. பெரியப்பாவின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

கிணறு வெட்டிய பெரியவர் மட்டும் அந்தத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. எஞ்சின் நின்ற பிறகு அவர் கிணற்றுக்குள் இறங்கினார். எஞ்சினை ஓட்டுமுன் தண்ணீர் எங்கே நின்றதோ, அந்த இடத்தில் பாறைச் சுவரில் ஒரு கரிக்கோடு முன்பே கிழித்திருந்தார். இப்போது படியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் ஏற ஏறக் கோடு மேல் கோடாகக் கிழித்தார். அரிக்கேன் விளக்கோடு அவருக்குத் துணையிருந்தவன் நான். விடியற்காலையில் தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது. வெகு நேரம் காத்திருந்தும் கோடு நகரவில்லை. பழைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் அசையாமல் நின்றது.

மறுநாளும் இறைத்தார்கள். மறுநாள் விடியலில் இன்னும் ஒரு சாண் குறைவு. மூன்றாம் நாளும் அவ்வாறே.

பெரியவர் மேலே வந்து, "ஐயா, இறைக்கிறபோது எந்தக் கிணறும் வாக்குக் கொடுக்கும். நிறுத்திய பிறகுதான் அது உண்மை சொல்லும். இந்தக் கிணறு வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. எஞ்சின் வேண்டாம்; கமலையே போதும்" என்றார்.

"பன்னிரண்டு அடித் தண்ணீரில் ஒரு சாண் ஒரு குறையா?" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் வளையலும் சங்கிலியும் செங்கோட்டைக்குப் போயின, எஞ்சின் வந்தது, இரண்டு ஏக்கரில் வாழை வைத்தார்கள். பங்குனி பிறக்கும்போது எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. சித்திரையில் அது காற்றைத்தான் உறிஞ்சியது. வாழைக் கன்றுகள் இலை மடிந்து சாய்ந்ததை நான் பார்த்தேன். பெரியம்மாவின் கழுத்தில் அந்தச் சங்கிலியைப் பிறகு நான் பார்க்கவில்லை.

இந்த இழப்புக்குக் காரணம் என்ன? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபதுக்கு இருபது அடிக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்பது 400 கன அடி. ஏறக்குறைய 11,300 லிட்டர். பன்னிரண்டு அடி என்றால் 1,36,000 லிட்டர் வரை ஆகிறது. எஞ்சின் மணிக்கு 25,000 லிட்டர் இறைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்தில் 1,25,000 லிட்டர்தானே ஆகிறது? அன்று வாய்க்கால் நிறைய ஓடுவதற்குப் பாறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊறியிருக்க வேண்டியதில்லை. கிணறு தன் வயிற்றில் வைத்திருந்ததை வெளியே கொட்டியது, அவ்வளவே. நாம் அதைப் பாறையின் கொடை என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு, எங்கள் குற்றாலத்திலிருந்து இன்னொரு குத்தாலத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்களுடையது அருவிக் குற்றாலம். மற்றையது மயிலாடுதுறைக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள குத்தாலம். அங்கே பூமிக்கடியிலிருந்து இயற்கை வாயு கிடைக்கிறது. இந்திய அரசு 1956-ஆம் ஆண்டு எண்ணெய், இயற்கை வாயு ஆணையத்தை நிறுவியது. காவிரிப் படுகையில் முதல் ஆழ்கிணறு 1964-இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. ஆயினும் நரிமணம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் வாணிபத்துக்கு ஏற்ற அளவில் எண்ணெய் உண்டென்று உறுதிப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. எண்ணெய் வாசனை வீசிய கிணறு எல்லாம் எண்ணெய்க் கிணறு ஆகிவிடுவதில்லை என்பதற்கு அந்த இருபது ஆண்டுகளே சான்று.

எண்ணெய் பூமிக்குள் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. சர்க்கரைக் கட்டியின் ஒரு முனையைக் காப்பியில் நனைத்தால், காப்பி கட்டி முழுவதும் பரவுகிறதல்லவா? அதுபோல, மணற்பாறையின் மணிகளுக்கு இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கிறது. அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் எண்ணெய் நகரும், இணையாவிட்டால் நகராது. பிரான்ஸ் நாட்டில் தீழோன் நகருக்குக் குடிநீர் அமைத்துக் கொடுத்த டார்ஸி என்னும் பொறியியலாளர் 1856-இல் வெளியிட்ட சோதனைகளே இதற்கு அடிப்படை. மணலின் இரு பக்கத்திலும் உள்ள அழுத்தத்தின் வேறுபாட்டுக்கு ஏற்ப நீர் ஓடுகிறது; மணல் எவ்வளவு இடங்கொடுக்கிறதோ அந்த அளவுக்கு ஓட்டம் மிகுகிறது என்று அவர் கண்டார். இந்த இடங்கொடுக்கும் தன்மையை நாம் கசிவுத்திறன் என்று அழைக்கலாம்.

இனி, எண்ணெய்க் கிணற்றைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். துளையிடும் காலத்தில் கிணறு முழுவதும் கனமான சேற்றால் நிரம்பியிருக்கும். அடியிலுள்ள எண்ணெயும் வாயுவும் பீறிட்டு எழாமல் அந்தச் சேற்றின் கனம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நம் கிணற்றில் முப்பத்துமூன்று அடித் தண்ணீரின் அடியில், மேலுள்ள காற்றைப் போல் மற்றும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் தண்ணீரே நின்றாலும் அது இருநூறு மடங்கு. சேறு தண்ணீரினும் கனமானது.

இந்த நிலையில், கீழ்முனையில் வால்வு மூடப்பட்ட ஒரு குழாயைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். சோதிக்க வேண்டிய பாறை அடுக்குக்குச் சற்று மேலே, குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு விரிந்து கிணற்றுச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. மேலுள்ள சேற்றின் கனம் இப்போது அந்த அடுக்கின்மேல் விழாது. பிறகு வால்வைத் திறக்கிறார்கள். பாறைக்கு எதிரே இருப்பது ஏறக்குறைய வெறுங்குழாய். ஆகையால் பாறைக்குள் இருப்பது எதுவோ அது குழாய்க்குள் வருகிறது.

சோதனை பெரும்பாலும் நான்கு கட்டங்களாக நடைபெறும். முதலில் சில நிமிடம் திறப்பார்கள். இரண்டாவதாக, ஒரு மணி நேரம் போல மூடுவார்கள். மூன்றாவதாகப் பல மணி நேரம் திறந்து ஓடவிடுவார்கள். நான்காவதாக, அதைவிட நீண்ட நேரம் மூடிவைத்துக் காத்திருப்பார்கள். இத்தனை நேரமும் குழாயின் அடியிலுள்ள கருவி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். முற்காலத்தில் கடிகாரத்தோடு இணைந்த ஒரு கூரிய ஊசி, மெல்லிய உலோகத் தகட்டில் கோடு கீறும். இக்காலத்தில் மின்னணுக் கருவிகள் அதைச் செய்கின்றன.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய்த் துறையில் வேலைக்குச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்து, இத்தகைய கோட்டின் நகல் ஒன்றை என்னிடம் காட்டினார். "ஐயா, இது என்ன சொல்கிறது என்று பாருங்கள்" என்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பண்பொழிக் கிணற்றின் கரிக்கோடுகள் நினைவுக்கு வந்தன. முதல் முறை மூடியபோது ஏறி நின்ற அழுத்தத்தைவிட, கடைசி முறை மூடியபோது ஏறி நின்ற அழுத்தம் சிறிது தாழ்ந்திருந்தது. "இது வாங்கியதைத் திருப்பித் தரவில்லையே!" என்றேன். மாணவர் வியந்து போனார். நான் அந்தப் பெரியவரின் சொற்களைத்தான் திருப்பிச் சொன்னேன்.

அந்தக் கோட்டையும், மேலே வந்த பொருளையும் நிபுணர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் கேள்வி, வந்தது என்ன என்பது. குழாயில் ஏறிய திரவம் எல்லாம் பாறைக்குச் சொந்தமானது என்று எண்ணக் கூடாது. அடைப்புக்குக் கீழே தங்கிய சேறு முதலில் வரும். அதன்பின், துளையிடும்போது சேற்றிலிருந்து பிரிந்து பாறைக்குள் புகுந்திருந்த நீர் வரும். அதற்கும் பிறகுதான் பாறையின் சொந்த நீரோ, எண்ணெயோ, வாயுவோ வரும். நீரின் உப்பை அளந்தால் எது சேற்றின் நீர், எது பாறையின் நீர் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். சேற்றின் நீர் மட்டும் வந்துவிட்டதைக் கண்டு, "இங்கே தண்ணீர்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டினால், நாம் ஊற்றிய தண்ணீரையே நாம் கண்டுபிடித்தவர்கள் ஆவோம். மழை பெய்த மறுநாள் வயல் நீர் வடிந்து கிணறு நிறைந்திருப்பதைப் பார்த்து ஊற்று நல்ல ஊற்று என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு வேகமாக வந்தது என்பது. மக்களின் கண்ணையும் செய்தித்தாள்களின் கண்ணையும் கவர்வது இதுதான். ஆனால் தனியே எடுத்துக்கொண்டால் மிகவும் ஏமாற்றுவதும் இதுவே. ஒரே வேகத்தில் எண்ணெய் தரும் இரண்டு கிணறுகளில் ஒன்று இருபது ஆண்டுகள் வாழலாம். மற்றொன்று இரண்டு மாதத்தில் மடியலாம். ஓட்டத்தின் வேகம் இன்றைய செய்தி. நாளைய செய்தியை அறிய வேறிடம் பார்க்க வேண்டும்.

அந்த வேறிடம்தான் மூன்றாவது கேள்வி: மூடிய பிறகு அழுத்தம் எவ்வாறு மீண்டது? கிணறு ஓடும்போது அதைச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதுபோல நாற்புறமும் மெல்லப் பரவிச் செல்கிறது. கிணற்றை மூடியதும், தொலைவிலுள்ள திரவம் குறைந்த இடத்தை நோக்கி வந்து பள்ளத்தை நிரப்புகிறது. எவ்வளவு எளிதில் நிரப்புகிறது, எதுவரை நிரப்புகிறது என்ற இரண்டிலும் அந்தப் பாறையின் வரலாறு அடங்கியிருக்கிறது.

பூமிக்குள் நீர் நகர்வது இரும்பில் வெப்பம் பரவுவதைப் போன்றது என்று கண்டு, தண்ணீர்க் கிணறுகளுக்கு உரிய கணக்கை 1935-இல் தைஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். 1951-இல் ஹேக் நகரில் கூடிய உலகப் பெட்ரோலிய மாநாட்டில் ஹார்னர் என்பவர் அதனோடு உறவுடைய ஒரு முறையை எண்ணெய்க் கிணறுகளுக்கு எடுத்துரைத்தார். அதன் சாரம் மிக எளிது. கிணறு ஓடிய நேரத்தோடு மூடியிருந்த நேரத்தைக் கூட்டுங்கள். கூட்டியதை மூடியிருந்த நேரத்தால் வகுங்கள். பத்து மணி நேரம் ஓடிய கிணற்றை மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் ஈவு 11. பத்து மணி நேரம் ஆகியிருந்தால் 2. நூறு மணி நேரம் ஆகியிருந்தால் 1.1. எல்லையில்லாக் காலம் காத்திருந்தால் ஈவு 1 ஆகிவிடும். இந்த ஈவை மடக்கைத் தாளிலும், அந்த அந்த நேரத்து அழுத்தத்தை அதற்கு எதிரிலும் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து அமைகின்றன. அந்தக் கோட்டை ஈவு 1 ஆகும் இடம்வரை நீட்டினால், எல்லையில்லாக் காலம் காத்திருந்தால் அழுத்தம் எங்கே வந்து நிற்குமோ அதைக் காத்திராமலே அறிந்துகொள்ளலாம். மனிதனுக்குக் கிடைக்காத நேரத்தைக் கணிதம் கொடுத்து உதவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஈவு 11-ஆக இருந்தபோது அழுத்தம் 190 மடங்கு. ஈவு 1.1-ஆனபோது 196 மடங்கு. அதாவது ஈவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது அழுத்தம் 6 மடங்கு ஏறுகிறது. கோட்டை நீட்டினால் அது 196-க்குச் சிறிது மேலே போய் நிற்கும். முதல் முறை மூடியபோது அழுத்தம் 200 இருந்தது என்று வையுங்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் எங்கே போயிற்று? பத்தே மணி நேர ஓட்டத்தில் அது நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்றால், அந்த எண்ணெய் ஒரு சிறிய பைக்குள் அடைபட்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். பெரியப்பாவின் கிணற்றில் குறைந்த ஒரு சாணுக்கும் இந்த நான்குக்கும் பொருள் ஒன்றே.

கோட்டின் சாய்வும் பேசும். ஓட்டத்தின் வேகமும் திரவத்தின் தன்மையும் ஒத்திருக்குமானால், கோடு படுத்தாற்போல் சென்றால் பாறை தாராளமாக இடங்கொடுக்கிறது. செங்குத்தாக ஏறினால் பாறை இறுகியது. இன்னும் ஒரு விந்தை உண்டு. நேராகச் சென்ற கோடு திடீரென்று மடங்கி, முன்னிலும் இரண்டு மடங்கு சாய்வோடு ஏறத் தொடங்குவது உண்டு. கிணற்றுக்குச் சிறிது தொலைவில், பூமிப் பிளவினால் பாறை அடுக்கு அறுந்து, திரவம் கடக்க முடியாத ஒரு சுவர் நிற்கிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம். நாற்புறமும் இருந்து வந்த திரவம் இனி ஒரு பாதியிலிருந்து மட்டுமே வர முடியும். ஆகையால் சாய்வு இரட்டிக்கிறது. ஒருவரும் காணாத ஒரு சுவரை, இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில், ஒரு கோட்டின் வளைவைக் கொண்டு அறிந்துகொள்கிறோம்!

கேடு செய்தியை மட்டுமே கோடு சொல்லும் என்று எண்ண வேண்டாம். சில வேளைகளில் அது சாவின் வாயிலிருந்து கிணற்றை மீட்டுக்கொடுப்பதும் உண்டு. துளையிடும் சேறு கிணற்றுச் சுவரில் அப்பிக்கொண்டு நுண்துளைகளை அடைத்துவிடும். அந்த நிலையில் நல்ல பாறையும் சொட்டுச் சொட்டாகத்தான் தரும். ஓட்டத்தை மட்டும் பார்ப்பவர், "இது பயனற்ற கிணறு, மூடிவிடுங்கள்" என்று சொல்வார். கோட்டைப் பார்ப்பவரோ, மூடிய உடனே அழுத்தம் சட்டென்று தாவி ஏறி, பிறகு மிக மெல்லிய சாய்வோடு செல்வதைக் காண்பார். வீட்டில் செல்வம் இருக்கிறது. வாசற்கதவுதான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். கிணற்றைச் சுற்றியுள்ள இந்தத் தடையைப் பொறியியலாளர் 'தோல்' என்றே அழைக்கிறார்கள். வான் எவர்டிங்கன், ஹர்ஸ்ட் என்ற இருவர் 1953-இல் இதைக் கணக்கிடும் வழியைக் காட்டினர். அமிலத்தைச் செலுத்தியோ வேறு முறையிலோ அந்தத் தோலை நீக்கினால், கைவிடப்பட இருந்த கிணறு உயிர் பெற்றுவிடக் கூடும். எங்கள் ஊரில் புதுக் கிணற்றின் ஊற்றுக் கண்ணில் அப்பிய களியைக் கடப்பாரையால் சுரண்டி விடுவார்களே, அதுவும் இந்த மருத்துவமே.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைக்க வேண்டும். ஒரே வடிவக் கோட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். போதிய நேரம் மூடி வைக்காவிட்டால், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் அழுத்தத்தை, ஏறி முடிந்த அழுத்தம் என்று மயங்கிவிடுவோம். ரப்பர் அடைப்பு கசிந்தாலும் கோடு பொய் சொல்லும். ஆகையால் கோட்டைத் தனியே படிப்பதில்லை. துளையிட்ட போது கிடைத்த பாறைத் துண்டுகள், அண்டைக் கிணறுகளின் வரலாறு, நில அமைப்பின் படம் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்தே படிக்கிறார்கள். நல்ல மருத்துவர் நாடியை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதில்லை அல்லவா?

காவிரிப் படுகையில் மணற்பாறையில் மட்டுமே எண்ணெய் கிடைக்கிறது என்று இல்லை. மயிலாடுதுறை மாவட்டத்து மாதானத்தில், வண்டலுக்கு அடியிலுள்ள பழம்பாறையின் வெடிப்புகளிலிருந்தும் எண்ணெய் கண்டிருக்கிறார்கள். பக்கத்து வண்டலில் பிறந்த எண்ணெய் அந்த வெடிப்புகளில் குடியேறியது. வெடிப்புள்ள பாறையில் கிணறுகளைப் படிப்பது இன்னும் கடினம். வெடிப்புகளில் இருப்பது முதலில் பாய்ந்து வந்துவிடும். பாறையின் உடலில் ஏதேனும் இருந்தால் அது பிறகு மெல்ல மெல்ல ஊறி வரும். பாரன்பிளாட் முதலிய சோவியத் அறிஞர்கள் 1960-இல் இந்த இரட்டை இயல்புக்குக் கணிதம் வகுத்தனர். முதற் பாய்ச்சலைக் கண்டு மயங்கினால் இங்கே ஏமாற்றம் இரு மடங்கு.

வெடிப்புள்ள பழம்பாறை என்றதும் நான் மீண்டும் பண்பொழிக்கு வந்துவிட்டேன். எங்கள் தண்ணீரும் அத்தகைய வெடிப்புகளிலும், அவற்றின் மேலுள்ள உளுத்த பாறையிலும்தான் இருக்கிறது. பெரியப்பாவின் கிணறு தொட்டது ஒரு சிறிய வெடிப்புக் கூட்டத்தை. தை மாதத்தில் அது நிறைந்திருந்தது. அதைப் பெருங்கடல் என்று நாங்கள் எண்ணினோம்.

எண்ணெய்க் கிணற்றின் கோட்டைத் தவறாகப் படித்தால் போவது பல கோடி ரூபாய். காவிரிப் படுகையில் நிலமும் போகும். அங்கே நெல்லும் எண்ணெயும் ஒரே மண்ணைக் கேட்டு நிற்கின்றன. 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆனால் தண்ணீர்க் கிணற்றைத் தவறாகப் படித்தால் போவது ஒரு குடும்பத்தின் நகை, ஓராண்டுப் பயிர். குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. எண்ணெய்க் கிணற்றுக்கு நிபுணர்கள் காவல் இருக்கிறார்கள். நம் கிணற்றுக்கு நாமே காவல்.

இக்காலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும்போது, யந்திரக் காற்று தண்ணீரை வெளியே பீய்ச்சி அடிக்கிறது. துளைப்பவர், "இரண்டு அங்குலத் தண்ணீர்" என்கிறார். வீட்டார் தேங்காய் உடைக்கிறார்கள். அது வெடிப்பில் தேங்கி நின்ற நீரின் முதற் பாய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதை யாரும் அந்த நேரத்தில் நினைப்பதில்லை. அன்றைக்கே மோட்டாருக்கும் குழாய்க்கும் கடன் வாங்காமல், சில நாள் பொறுத்திருந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. திறந்த கிணறாயின் ஒரு கயிறும் ஒரு கல்லும், ஒரு கடிகாரமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். முந்தின நாள் முழுவதும் இறைக்காமல் விட்டு, அதிகாலையில் நீர் மட்டத்தைக் குறியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் அன்று இறைக்காமலிருந்தால் நலம். பிறகு இறையுங்கள். நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை மட்டத்தை அளந்து எழுதுங்கள். எட்டு அடிக் குறைவு மூன்று மணி நேரத்தில் நான்கு அடியாகி, அடுத்த மூன்று மணி நேரத்தில் இரண்டு அடியாகி, அதற்கடுத்த மூன்று மணி நேரத்தில் ஓரடியானால் ஊற்று சீராக இருக்கிறது. முதலில் மூன்று மணி நேரத்தில் பாதியானது, பிறகு பாதியாக ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கேட்டால், சுற்றியுள்ள பாறையே வற்றிக்கொண்டிருக்கிறது என்று அறியுங்கள். ஏறுவது நின்ற பிறகும் பழைய கோட்டை எட்டாவிட்டால், அந்தக் குறைவு எவ்வளவு சிறியதானாலும் அதை அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். தை மாதத்துச் சோதனையோடு நின்றுவிடாமல் சித்திரையிலும் ஒருமுறை செய்யுங்கள். கிணற்றின் உண்மையான பலம் கோடையில்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடைமழை பெய்து முடிந்த காலம். தண்ணீர் நிறைந்து, திருமலைக் குன்று அதில் தலைகீழாகத் தெரிந்தது. கரிக்கோடுகள் அழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஆயினும் அவை இருந்த இடம் எனக்குத் தெரியும். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொரு சாண் இடைவெளியில், மூன்று கோடுகள். அவற்றைப் படிக்க எங்களுக்கு அன்று பொறுமை இருந்திருந்தால், பெரியம்மாவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்திருக்கும்.